வந்தவர் எத்தனை பேர், தேடியது என்ன?



மேடையில் பேசுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எதிரே இருப்பவர்கள் தலையாட்டுகிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா, பின்வரிசையில் எழுந்து போகிறார்களா என்பதெல்லாம் அவர்களுக்குக் கண்ணெதிரே தெரியும். வானொலியில் பேசுகிறவருக்கு எதிரே சுவரும் கண்ணாடிச் சன்னலும்தான். கேட்பவர் யார், எத்தனை பேர், எதை விரும்பிக் கேட்டார்கள் என்று அறிய நமக்கு நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. அது கடிதம்.

நேயர் விருப்பத்திற்கு வந்த அஞ்சலட்டைகளை நினைத்துப் பாருங்கள். மேலே தோட்டத்தின் பெயர். நடுவில் படத்தின் பெயரும் பாடலும். கீழே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அத்தை பிள்ளைகள் என்று அட்டையில் இடம் தீரும்வரை பெயர்கள். அட்டைகளைக் கட்டுக்கட்டாக எண்ணுவோம். எந்தப் பாடலுக்கு அட்டை அதிகமோ அதுவே மக்கள் விரும்பும் பாடல் என்று முடிவு கட்டுவோம். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருந்தது தெரிகிறது. எழுதத் தெரிந்தவர்கள், எழுத நேரம் உள்ளவர்கள், அட்டை வாங்கக் கையில் காசு இருந்தவர்கள் ஆகியோரின் விருப்பத்தைத்தான் நாம் எண்ணினோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி முடித்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டிக்கொண்டே பாட்டுக் கேட்ட தாய்மார்கள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெட்டி ஒன்றுதான், அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பலர். பெட்டிகளை எண்ணினால் ஒரு கணக்கு, காதுகளை எண்ணினால் வேறொரு கணக்கு. இந்தச் சிக்கலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணினியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

மற்ற நாட்டாரும் இதே கவலையில் இருந்தவர்கள்தாம். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1936-இல் நேயர் ஆய்வுக்கென ஒரு பிரிவைத் தொடங்கி ராபர்ட் சில்வி என்பவரிடம் ஒப்படைத்தது. வினாத்தாள் அனுப்பியும் ஆள் விட்டுக் கேட்டும் அவர்கள் செய்தி திரட்டினார்கள். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. மனிதர்களைக் கேட்டால் மறந்து விடுவார்கள், அல்லது மரியாதைக்காக ஏதாவது சொல்லி விடுவார்கள். ஆகவே பெட்டியையே கேட்டுவிடலாம் என்று, வானொலிக்குள் பொருத்தும் ஒரு கருவியை 1942 முதல் பயன்படுத்தியது. ஆடிமீட்டர் என்று அதற்குப் பெயர். பெட்டி எப்போது திறக்கப்பட்டது, எந்த நிலையத்திற்கு முள் திருப்பப்பட்டது என்பதை அது தானாகவே பதிந்துகொள்ளும். பொய் சொல்லாத சாட்சிதான். எனினும், பெட்டி பாடிக்கொண்டிருக்க வீட்டுக்காரர் தூங்கிப் போயிருந்தால் அதையும் கேட்டதாகவே அது எழுதிக்கொள்ளும்.

இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கைப்பேசியிலும், அவர்கள் பார்க்கும் அகப்பக்கங்களிலும் நடப்பது இந்தப் பழைய கதையின் தொடர்ச்சியே. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

வையவிரிவு வலை என்னும் அமைப்பை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்ற பெரிய அணு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கு வேலை பார்த்த அவர் 1989-இல் தம் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990-ஆம் ஆண்டு முடிவதற்குள் முதல் வலைக்கணினி ஓடத் தொடங்கியது. 1991-இல் வெளியுலகுக்கும் அது அறிவிக்கப்பட்டது. தாம் கட்டிய வீட்டிற்கு யாராவது வருகிறார்களா என்று பார்க்க அவருக்கு ஆசை இருக்காதா? இருந்தது. பார்ப்பதற்கு வழியும் இருந்தது. அந்தக் கணினி ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்தது.

அந்தப் பதிவேடு எப்படிப்பட்டது என்று நம் தோட்டத்து வாழ்க்கையைக் கொண்டே சொல்லி விடலாம். பால்மரக் காலத்துச் செக்ரோலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் கிராணியார் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று அதில் குறிப்பார். எந்த நிரைக்கு யார் போனார்கள், நிறுவையில் எவ்வளவு பால் வந்தது என்பதும் கணக்கில் ஏறும். வலைக்கணினியின் பதிவேடும் அப்படியே. ஒரு வரியில் ஐந்தாறு செய்திகள் இருக்கும்: கேட்ட கணினியின் எண் முகவரி, நாளும் நேரமும், கேட்கப்பட்ட பக்கத்தின் பெயர், அது கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு ஒரு குறியெண், கொடுத்த சரக்கின் அளவு. அவ்வளவுதான். வந்தவருடைய பெயரோ, எதற்காக வந்தார் என்பதோ அதில் இல்லை. செக்ரோலிலும் அப்படித்தானே? ஒருவர் அன்று வரவில்லை என்று அதில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் வரவில்லை என்பது இருக்காது.

அந்தச் சிறு பதிவேடே பெர்னர்ஸ் லீக்கு ஒரு பெரிய செய்தியைச் சொல்லிற்று. 1991 கோடைக்கும் 1994 கோடைக்கும் இடையில், தம் முதல் வலைக்கணினியின் மீது விழுந்த பளு ஆண்டுக்குப் பத்து மடங்காக ஏறிக்கொண்டே போனதாக அவர் குறித்திருக்கிறார். நூறு ஆயிரமாகிறது, ஆயிரம் பதினாயிரமாகிறது. இது ஓரிரு ஆய்வாளர்களின் விளையாட்டு அன்று என்பதை அந்த எண்கள் காட்டின.

பதிவேட்டில் ஒரு குறியெண் இருக்கும் என்றோமே, அதில் 404 என்பது மிகவும் பயனுள்ளது என்பது நம் கருத்து. கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று அதற்குப் பொருள். கடைக்கு வந்தவர் ஒரு பொருளைக் கேட்டு, இல்லை என்று தெரிந்து, திரும்பிப் போனதைப் போன்றது அது. நல்ல கடைக்காரர் விற்ற சரக்கை மட்டுமா கணக்கில் வைப்பார்? கேட்டும் கொடுக்க முடியாமற்போன சரக்கையும் ஓர் ஓரத்தில் குறித்து வைப்பார். அடுத்த வாரம் பட்டணத்துக்குப் போகும்போது அதை வாங்கி வருவார். பெரும்பாலான அகப்பக்கக்காரர்கள் இந்த வரிகளைப் பிழை என்று ஒதுக்கி, வந்தவர் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பது வருத்தமான செய்தி.

அந்தத் தொகையும் சரியான தொகையா என்றால், இல்லை. 1990-களின் நடுவில் எங்கள் பக்கத்துக்கு இத்தனை இலட்சம் ‘ஹிட்’ என்று பெருமை பேசுவது பழக்கமாயிற்று. ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், அதைத் திறக்கும் ஒரே ஆளுக்காகப் பதிவேட்டில் பதினொரு வரிகள் விழும்: பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து. ஆகவே படத்தைக் கூட்டினால் ஹிட் தானே கூடும்! பக்கத்தின் அடியில், கார் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைப் போல எண்கள் உருளும் ஒரு சிறு பெட்டியையும் அக்காலத்தில் வைத்தார்கள். அதைப் பலரும் ஒன்றிலிருந்து தொடங்காமல் ஆயிரத்திலிருந்து தொடங்கியதையும் நாம் அறிவோம். திறப்பு விழாவிலேயே கூட்டம் இருந்ததாகக் காட்டும் ஆசை யாரை விட்டது?

இன்னும் இரண்டு குழப்பங்கள் இருந்தன. தேடுபொறிகள் தங்கள் இயந்திரங்களை அனுப்பி உலகத்துப் பக்கங்களையெல்லாம் படிக்க வைக்கின்றன. அந்த இயந்திரங்களின் வருகையும் பதிவேட்டில் மனித வருகையைப் போலவே விழுந்தது. மறுபுறம், ஒரே எண் முகவரிக்குப் பின்னால் ஓர் இணைய நிலையமே இருக்கலாம். பள்ளி முடிந்து பட்டணத்து இணைய நிலையத்தில் மணிக்கணக்கில் பணம் கட்டி உட்கார்ந்த இருபது பிள்ளைகளைப் பதிவேடு ஒரே ஆளாகப் பார்த்தது. பொது வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் கதைதான்!

பதிவேட்டின் ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டிக் கழித்து அட்டவணையாகக் கொடுக்கும் செயலிகள் விரைவில் வந்தன. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் என்பவர் 1995-இல் வெளியிட்ட ‘அனலாக்’ என்ற செயலி இலவசமாகவே கிடைத்தது. பல ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. ஆனாலும் அடிப்படைக் குறை தீரவில்லை. காலையில் வந்தவரும் மாலையில் வந்தவரும் ஒருவர்தானா என்று பதிவேட்டுக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் லூ மொண்டுலி. நெட்ஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். 1994-இல் அவருக்கு வந்த வேலை, இணையக் கடைக்கு ஒரு கூடை செய்து கொடுப்பது. வாங்க வந்தவர் ஒரு பொருளைத் தேர்ந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், முன்பு எதைத் தேர்ந்தார் என்பதைக் கடைக் கணினி மறந்து போகும். ஒவ்வொரு பக்கமும் அதற்குப் புது ஆள் வந்தது போலத்தான். மொண்டுலி ஒரு சிறு சீட்டைக் கண்டுபிடித்தார். மருந்தகத்தில் எண் எழுதிய துண்டைக் கொடுக்கிறார்களே, அதைப் போல, வலைக்கணினி வந்தவரின் கணினியிடம் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்து வைக்கும். மறுபடி வரும்போது அந்தத் துண்டைக் காட்டினால், நேற்று வந்த 57-ஆம் எண்காரர் இவர் என்று தெரிந்துவிடும். ‘குக்கி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்; தின்பதற்கு அல்ல. முதன்முதலில் அது பயன்பட்டது எதற்குத் தெரியுமா? நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பக்கத்துக்கு வருகிறவர்கள் முன்பே வந்தவர்களா, புதியவர்களா என்று பார்ப்பதற்கு.

நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட இந்தத் துண்டு, வெகு விரைவில் வேறு கைகளுக்குப் போயிற்று. ஒரு விளம்பர நிறுவனம் நூறு அகப்பக்கங்களில் தன் விளம்பரப் படத்தை வைக்கிறது என்று கொள்வோம். படம் அந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. ஆகவே துண்டையும் அந்த நிறுவனமே கொடுக்கலாம். காலையில் நகைக்கடைப் பக்கம், மதியம் சம்பந்தமே இல்லாத செய்திப் பக்கம், இரவு நோயைப் பற்றிய பக்கம் என்று ஒருவர் போகும் இடமெல்லாம் அதே துண்டு காட்டப்படுகிறது. பஞ்சாயத்துக்கு வராத ஓர் ஆள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நம் நடமாட்டத்தைக் குறிப்பதைப் போல! இப்படி ஒன்று இருப்பதே மக்களுக்குத் தெரியாது. 1996 பிப்ரவரியில் இலண்டன் நாளிதழான பைனான்சியல் டைம்ஸ் எழுதிய பிறகுதான் பேச்சு எழுந்தது. இதைச் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த பெரிய மாற்றம் 2005-இல் வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இருந்த அர்ச்சின் என்ற சிறு நிறுவனத்தைக் கூகுள் அவ்வாண்டு வாங்கியது. பார்வையாளர் கணக்கைத் தொகுத்துத் தருவதே அர்ச்சினின் தொழில். நவம்பரில் அதே சேவையைக் ‘கூகுள் அனலிட்டிக்ஸ்’ என்ற பெயரில் இலவசமாக்கினார்கள். கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்டில்தான் கதவு எல்லாருக்கும் திறந்தது. அதுவரை பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துப் பெற்ற அட்டவணைகள் கோயில் நிர்வாகக் குழுவுக்கும், பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கும்கூடக் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்தப் பக்கத்தோடு வெளியேறினார்கள் என்பதெல்லாம் வண்ணக் கோடுகளாக வந்து நின்றன. இலவசம் என்றாலும் விலை ஒன்று இருந்தது: கணக்குப் புத்தகம் கூகுளின் வீட்டில் இருந்தது.

கோடுகளைப் பார்ப்பது எளிது, படிப்பது எளிதன்று. ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டால் அதைக் குறையாகக் கொள்வது வழக்கம். ஆனால் மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைத் தேடி வந்தவர், பத்து விநாடியில் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், அவர் வந்த காரியம் நிறைவேறியதென்று அல்லவா பொருள்? இருபது நிமிடம் ஒரே பக்கத்தில் இருந்தவரோ, அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போனவராக இருக்கலாம்.

இதில் நம்மைத் தொடும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகம் மாணவர் உதவித்தொகைக்கான பாரத்தைத் தன் அகப்பக்கத்தில் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கணக்கைப் பார்க்கிறார்கள். பாரத்தை எடுத்தவர்கள் மிகச் சிலரே. மக்களுக்கு இதில் நாட்டமில்லை, அடுத்த ஆண்டு வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். பாரம் ஐந்து பக்கங்களுக்கு அப்பால் ஒளிந்திருந்ததா, விலை மலிவான கைப்பேசியில் அது திறக்கவே இல்லையா, தோட்டத்துப் பக்கம் அலைவரிசை எட்டவில்லையா என்று கேட்காமல் சொல்லப்படும் முடிவு அது. ஆகவே இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கணினி படித்தவர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. பாரம் தேடுகிற பிள்ளையின் பெற்றோரும் தெரிந்துகொண்டு, “ஐயா, நாங்கள் தேடினோம், கிடைக்கவில்லை” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கைச் சரியாகப் பயன்படுத்தினால் நம் சொந்தக் கருத்தின் தவற்றை அது காட்டிக் கொடுக்கும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. 2007 இறுதியில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் போட்டியிட்ட பராக் ஒபாமாவின் குழுவினர், தங்கள் அகப்பக்கத்தின் முதல் பக்கத்தை எப்படி அமைப்பது என்று யோசித்தார்கள். வருகிறவர்கள் தங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பதிய வேண்டும், அதுதான் நோக்கம். கூகுளில் வேலை செய்து வந்த டான் சிரோக்கர் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். பொத்தானில் எழுதும் சொற்கள் நான்கு வகை. மேலே வைக்கும் படமோ ஒளிப்படக் காட்சியோ ஆறு வகை. ஆக 24 விதமான பக்கங்கள். வருகிறவர்களுக்கு இவற்றில் ஏதோ ஒன்று, யாருடைய தேர்வுமின்றி, காட்டப்பட்டது. சுமார் 3 இலட்சத்து 10 ஆயிரம் பேர் இப்படிப் பார்த்தார்கள். குழுவினருக்கு ஒளிப்படக் காட்சியின் மேல்தான் ஆசை; தலைவர் பேசுவதைப் பார்த்தால் மக்கள் உருகிப் போவார்கள் என்று நம்பினார்கள். கணக்கு வேறு சொல்லிற்று. எல்லா ஒளிப்படக் காட்சிகளும் சாதாரணப் படங்களை விடப் பின்தங்கின. வென்றது ஒபாமா தம் குடும்பத்தாரோடு நிற்கும் படமும், “மேலும் அறிக” என்ற சொல்லும். பழைய பக்கத்தில் நூற்றுக்கு 8.26 பேர் பதிந்தார்கள். புதிய பக்கத்தில் 11.6 பேர். முதலிலேயே “பதிந்துகொள்” என்று கேட்பதை விட, அறிந்துகொள்ள வாருங்கள் என்று அழைப்பது மக்களுக்குப் பிடித்திருந்தது போலும். போலும் என்றுதான் சொல்ல முடியும். எது வென்றது என்பதைச் சோதனை சொல்லும்; ஏன் வென்றது என்பது நம் ஊகம்.

வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை விட, எந்தச் சொல்லைத் தட்டித் தேடினார்கள் என்பது அவர்கள் மனத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூசுவதைக்கூட மனிதர்கள் தேடுபொறியிடம் கேட்கிறார்கள். இந்தச் சொற்களைக் கொண்டு ஒரு நாட்டின் உடல்நலத்தையே அறியலாம் என்று கூகுள் முயன்றது. 2008 நவம்பரில் ‘ஃபுளூ டிரெண்ட்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. சளிக்காய்ச்சல் கண்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் அனுப்பும் அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்துக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் வந்தவர்கள் தேடும் சொற்களை எண்ணினால் அதே செய்தி அன்றன்றே கிடைக்குமே! கோடிக்கணக்கான சொற்களை அலசி, 45 தேடல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 2009-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரையும் வந்தது. உலகம் வியந்தது.

அதே 2009-இல் புதுவகைப் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, அதன் முதல் அலையை இந்தக் கணக்கு குறைத்துக் காட்டியது. திருத்தினார்கள். 2012 – 2013 குளிர்காலத்தில் தலைகீழாயிற்று. உச்சக் கட்டத்தில், உண்மையில் இருந்த நோயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நோயைக் காட்டியது. 2014-இல் சயன்ஸ் இதழில் ஆய்வாளர்கள் இந்தப் பிழைகளை அலசி எழுதினார்கள். 2015-இல் கூகுள் தன் மதிப்பீட்டை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. எங்கே தவறியது? தோட்டத்து மருந்தகத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கோ விஷக்காய்ச்சல் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், மறுநாள் டிரெசர் ஐயாவின் வாசலில் இலேசாகத் தலை வலித்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். வரிசையின் நீளம் நோயின் அளவு ஆகுமா? செய்தித்தாள் காய்ச்சலைப் பற்றி எழுத, பயந்தவர்களெல்லாம் தேடியிருக்கக் கூடும். தேடுபொறியும் அடிக்கடி தன் முறையை மாற்றி, தொடர்பான சொற்களைத் தானே எடுத்துக் கொடுத்துத் தேடலைப் பெருக்கியது. ஒரு வேடிக்கையும் உண்டு: காய்ச்சல் காலத்தோடு ஒத்து ஏறி இறங்கிய தேடல்களில் பள்ளிக் கூடைப்பந்தும் இருந்தது. இரண்டும் குளிர்காலத்தில் வருபவை, அவ்வளவுதான்.

தேடும் சொற்கள் மனத்தைக் காட்டும் என்றோம். அது எவ்வளவு ஆபத்தானது என்பது 2006 ஆகஸ்டில் தெரிந்தது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், சுமார் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. மூன்று மாதத் தேடல்கள் அவை. பெயர்களை நீக்கி ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்; ஆகவே பாதுகாப்பு என்று நினைத்தார்கள். ஆனால் ஒருவர் தம் ஊரைத் தேடுகிறார், தம் குடும்பப் பெயர் கொண்டவர்களைத் தேடுகிறார், தம் உடல் உபாதையைத் தேடுகிறார். இவற்றை வரிசையாக வைத்தால் ஆள் தெரியாதா? நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஓர் எண்ணுக்கு உரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டி விட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அனைத்தையும் நீக்கியது. அதற்குள் பலர் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. மலேசியாவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரின் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஐரோப்பாவின் கடுமையான சட்டம் 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று கைப்பேசியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், குக்கிகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்து மறைக்கிறதே, அதன் பின்னால் ஐரோப்பியச் சட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் படிக்காமலே சம்மதம் தட்டுகிறார்கள். மறுக்கும் பொத்தானும் அங்கே எங்காவது சிறியதாக இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுங்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995-இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் ஏறியது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல் செயலியும் வீடுகளில் தமிழைத் தட்ட வழி செய்தது. எனினும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறிமுறை என்ற நிலைதான். ஒரு குறிமுறையில் எழுதிய ‘அம்மா’ இன்னொன்றில் அர்த்தமற்ற கிறுக்கலாகத் தெரியும். தேடுபொறிக்கும் அப்படியே. ஆகவே தமிழில் தேட முடியாமல், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடினார்கள் நம்மவர்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடு முறை பரவும்வரை இந்த நிலை மாறவில்லை. அந்த ஆண்டுகளின் பதிவேடுகளைப் பார்த்து, தமிழ் படிக்க ஆளில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், எண்கள் அவர் பக்கமே நின்றிருக்கும்.

அந்தப் பழைய எண்களும் இப்போது பெரும்பாலும் இல்லை. கூகுள் தன் பழைய கணக்கு முறையைப் பொது மக்களுக்கு 2023 ஜூலை 1-ஆம் நாளோடு நிறுத்தி, புதிய முறைக்கு மாறச் சொன்னது. பழைய கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்ள ஓராண்டு அவகாசம் தந்தது. 2024 ஜூலையில் அவற்றை அழிக்கத் தொடங்கியது. பிரதி எடுக்காத சிறு சங்கங்களும் பள்ளிகளும், பத்தாண்டுகளுக்கு முன் தங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் எதைத் தேடினார்கள் என்பதை இனி அந்தக் கணக்கிலிருந்து அறிய முடியாது. நேயர் விருப்ப அட்டைகளுக்கும் அதே கதிதான். எண்ணி முடித்ததும் கட்டி, மூலையில் போட்டுவிடுவோம். இடம் போதாதபோது யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டு போவார்.